கேரவனுக்குப் போட்ட உறை

பிப்ரவரி மதியத்தில், மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்த ஆர்விட், கொல்லையில் நிறுத்தியிருந்த கேரவனை, அந்தச் சக்கர வீட்டை, தற்செயலாகப் பார்த்தார். அதன்மேல் இறுகப் போர்த்திய வெள்ளைப் பிளாஸ்டிக்கில், சமையல் ஜன்னலுக்கு நேரே மட்டும், உள்பக்கம் வியர்த்திருந்தது.

கேரவனைக் குளிர்காலத்துக்கு மூடிவைப்பது, அமெரிக்காவில் மினசோட்டாவின் அந்தப் பக்கத்தில் அக்டோபர் வந்தால் எல்லாரும் செய்கிற வேலைதான். குழாய்கள் உறைந்து வெடிக்காமலிருக்கத் தண்ணீரை வடித்துவிட்டு, குளிரில் உறையாத சிவப்பு மருந்தை ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் சிவப்பு வரும்வரை திறந்து பார்க்க வேண்டும். பிறகு பிளாஸ்டிக்கைச் சுற்றித் தீ காட்டினால் மத்தளத் தோல்போல இறுகிவிடும். பனியும் அண்டாது, எலியும் அண்டாது.

இந்த வருடம் உள்வேலையை ஆர்விட் செய்யவில்லை. விவாகரத்தாகி வந்து கோடை முழுக்க கேரவனிலேயே கிடந்த தம்பி ரோல்ஃபிடம் விட்டிருந்தார்.

"சனிக்கிழமைக்குள்ள அரிசோனாவுக்கு பஸ் ஏறிடு. இவ்ளோ நாள் ஓசியில இருந்தல்ல, பைப்புக்காவது மருந்து ஊத்திட்டுப் போ."

சனிக்கிழமை காலை கேரவன் படியில் ரோல்ஃபின் பூட்ஸ் கிடந்தது. துரத்திவிட்ட பிறகு கதவைத் தட்டி அவன் முகத்தைப் பார்க்க ஆர்விட்டுக்கு வெட்கமாக இருந்தது. பூட்ஸைச் சக்கரத்துக்கடியில் தள்ளிவிட்டு, கேரவனின் காற்றுத் துளைகளோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கைச் சுற்றி முடித்தார். தீயின் இரைச்சலுக்குள் ஏதோ தட்டியது போலிருந்தது. நிறுத்திக் கேட்கவில்லை.

"கிறிஸ்துமஸுக்குக்கூட போன் பண்ணலியே உன் தம்பி," என்று மனைவி மார்லிஸ் கேட்டபோது, "அரிசோனா வெயில்ல நம்ம ஞாபகம் வருமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் கூசியது.

சொட்.

வண்டிக்கடியில் பனிமேல் ஒரு சிவப்புத் துளி. பக்கத்தில் இன்னொன்று. யாரோ குழாயைத் திறந்தது போல.

"என்னத்த அப்படி முறைச்சுப் பாக்குற?" மார்லிஸ் பின்னால் வந்து நின்றாள்.

"அவன் போகல, மார்லிஸ். பூட்ஸ் வெளிய கிடந்துச்சு. பாத்தேன். பாத்துட்டுத்தான் மூடினேன்."

அவள் பனிமேல் இருந்த சிவப்புத் துளிகளைப் பார்த்தாள்.

"கத்திய எடு," என்றாள்.

பிளாஸ்டிக் கிழிந்தது. கதவு முனகியது. பழைய கேஸ் நாற்றம். மேசையடியில் கேஸ் ஹீட்டர், அணைந்து கிடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டிமேல் குனிந்தபடி ரோல்ஃப். தாடியில் பனி. குழாயைப் பிடித்த விரல்களில் பனி. இறந்து மாதங்கள் ஆகியிருந்தன.

எல்லாக் குழாய்களும் திறந்திருந்தன. எல்லாவற்றின் வாயிலும் சிவப்பு. அண்ணன் சொன்ன வேலையை முடித்திருந்தான்.

ஆர்விட் நிமிர்ந்தார். மற்ற ஜன்னல்களில் விரற்கடைப் பனி. ரோல்ஃபின் முகத்துக்கு நேரிருந்த சமையல் ஜன்னல் கண்ணாடியில் மட்டும், மூச்சுப் பட்டது போல, உள்ளங்கையளவு ஈரம்.

அது சுருங்கியது.

விரிந்தது.

மறுபடி சுருங்கியது.