மாற்ற ஆள் வரும் வரை

அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில் ஜன்னலே கிடையாது. பட்டப்பகலிலும் குழல்விளக்குகள் இரைந்துகொண்டிருந்தன. கம்பளத்திலிருந்து ஈர வாடை. சலவை இயந்திரம் பழுதானவர்கள் ஃபோனில் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளும் வேலை. அவளுக்கு முதல் நாள்.

"மாத்த ஆள் வராம எழுந்திரிக்கக் கூடாது. ஒரு சீட் காலியானா மொத்தப் பேருக்கும் டீ கட்," என்றார் மேனேஜர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பூட்டு.

"அவசரம்னா சார்?"

"கையைத் தூக்கு. டீ குடிக்கப் போறவங்க எவராவது அதை விட்டுட்டு வந்து உக்காந்தா உண்டு." சிரித்தார்.

பக்கத்து சீட்காரி மைக்கைப் பொத்திக்கொண்டாள். "இதே சீட்ல இருந்த அக்காவுக்கு நெஞ்சுவலி. கையைத் தூக்கினாங்க. ஒருத்தரும் வரல. நானும்தான், கப்பைக் கையில வெச்சுட்டுப் பாத்துட்டே நின்னேன். உயிர் போயும் அந்தக் கை இறங்கலடி."

மதியம் குழந்தைகள் காப்பகத்திலிருந்து அழைப்பு. மகளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது, வலிப்பு வந்துவிடும் போலிருக்கிறது, உடனே வாருங்கள்.

அவள் கையைத் தூக்கினாள்.

டீ அறைக் கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் குனிந்துகொண்டன. நேரம் போயிற்று. தோள் மரத்துப்போனது. காதுக்குள் யாரோ ஒரு வாடிக்கையாளர் கத்திக்கொண்டே இருந்தார்.

திடீரென்று விளக்குகளின் இரைச்சல் நின்றது.

தோளில் ஒரு கை பட்டது. பிழியாத துணி மாதிரி சில்லென்று.

"நீ போம்மா. யாராவது கையைத் தூக்கினா எனக்குத் தாங்க மாட்டேங்குது."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து ஓடினாள்.

வாசலில் பூட்டு மறித்தார். "எங்க கிளம்பிட்டே? சீட்டு?"

"ஆள் வந்தாச்சு சார்."

எட்டிப் பார்த்தார். "காலியா கிடக்கு! யார்கிட்ட கதை விடற?"

கோபத்தில் விறுவிறுவென்று போய், அந்த நாற்காலியில் தானே தொப்பென்று உட்கார்ந்தார். அவள் அதற்குள் படியிறங்கியிருந்தாள்.

மருத்துவமனையில் சாயங்காலம்தான் மகள் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். டம்ளரை எடுக்கும்போது ஃபோன் அடித்தது. அலுவலக எண்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா?"

அதே குரல்.

அந்தக் குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு ஆண் தேம்பிக்கொண்டிருந்தார். "யாராவது வாங்கப்பா... எழுந்திரிக்க முடியலப்பா... கை வலிக்குதுப்பா..."

"நீ குழந்தையைப் பாரு," என்றது குரல். "அவசரமில்ல. இங்க எல்லாரும் டீ குடிச்சிட்டிருக்காங்க."