உடனிருந்தவர்

'மனிதன் மறப்பான், படம் மறக்காது. இனி இந்த மண்ணில் நினைவுக்கு மரணமில்லை.' தருமபுரியில், மாநில நினைவகத்தின் வாசலில், ஆள் உயரக் கருங்கல்லில் இந்த வாசகம் வெட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே 'நினைவுச்செம்மல் தினேஷ்பாபு' என்ற பெயர், வாசகத்தைவிடச் சற்றே பெரிய எழுத்தில். எழுத்தின் அளவைச் சிற்பியிடம் சொன்னவரும் அவரேதான்.

அந்த நினைவுச்செம்மலின் வீட்டுச் சுவர், புதன்கிழமை காலை காபிக்கு முன்னால், இப்படி அறிவித்தது: "உங்கள் படக்களஞ்சியம் திறக்கவில்லை. அடைவு சிதைந்துள்ளது."

எல்லா வீடுகளையும் போல அவர்களும் அப்போது நாட்படத்துக்காகச் சுவர்க் கேமரா முன் நின்றிருந்தார்கள். பல் துலக்கி, தலை வாரி, குடும்பமாக நின்று ஒரு படம். அதற்குப் பிறகுதான் பால் அடுப்பில் ஏறும். தினேஷ்பாபு நடுவில். அவர் மனைவி மோனிஷா இடப்பக்கம். முந்தின நாளே வந்து தங்கியிருந்த மகள் நறுமுகை வலப்பக்கம். மூவரும் சிரித்த சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுவிட்டது.

"இன்னிக்குப் பாத்தா இப்படி ஆவணும்?" என்றாள் நறுமுகை.

இன்றைக்குத்தான் மதிப்பீடு.

கடல் சென்னையைப் பாதி விழுங்கி, தலைநகரம் தருமபுரிக்கு ஏறிவந்த பிறகு, மேட்டில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பாயிற்று. வீடு கிடைத்தவர்களுக்கெல்லாம் திடீரென்று பெரியப்பாக்களும் சின்னம்மாக்களும் முளைத்தார்கள். ஒரு பல் மருத்துவருக்கு ஏழு தாய்மாமன்கள் இருந்த விவகாரம் சட்டமன்றம் வரை போனது. அப்போது பிறந்ததுதான் உடனிருப்புச் சட்டம். ரத்தம் செல்லாது, ரேஷன் அட்டை செல்லாது. யாருடைய வாழ்க்கையில் யார் உடன் இருந்தார்கள் என்பதைக் குடும்பத்தின் படக்களஞ்சியம் சொல்லும். அது சொல்வதுதான் உறவு. பெற்றோர் என்றால் பிள்ளை வளர்ந்த காலத்துப் படங்கள் மட்டும்; சுவர் எடுக்கும் நாட்படம் கணக்கில் வராது.

நறுமுகைக்கு வத்தல்மலை அடுக்ககத்தில் வீடு ஒதுக்கப்பட்டிருந்தது. காற்று வரும், தண்ணீர் வரும். பெற்றோரை அழைத்துக்கொள்ளலாம், உடனிருப்பு மெய்ப்பட்டால். மோனிஷாவுக்குச் சிக்கல் இல்லை. படங்களை எடுத்தவர் அவர். எடுத்த கை யாருடையது என்பது அசலிலேயே பதிந்துவிடும். தினேஷ்பாபுவுக்கோ இந்த மாதத்தோடு இப்போதுள்ள இந்தக் கீழ்வீட்டில் இருக்கும் தகுதி முடிகிறது. மதிப்பீட்டில் தவறினால் அவர் சமவெளி வெயிலில், முதியோர் பொதுக்கூடத்தில், அடுக்குக் கட்டிலில் மேல்தட்டில் படுக்க வேண்டியதுதான்.

இந்தச் சட்டத்தை எழுதியவர் அவர்தான். அதற்காகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் போய், 'பிள்ளைகள் வளரும்போது உடன் இருங்கள்' என்று பேசியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கூட்டம். கல்யாண மண்டபத்தில் குறட்டை விட்டவர்களெல்லாம் உறவு கோரி வரக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்து, 'கண் மூடியிருப்பவர் உடனிருந்தவர் ஆகார்' என்ற பிரிவைச் சேர்த்தவர். அந்தப் பிரிவுக்கு மேசைகள் நீண்ட நேரம் தட்டப்பட்டன.

மதிப்பீட்டாளர் எபினேசர் வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, தினேஷ்பாபுவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஐயாவின் அரூர்ப் பேச்சைக் கேட்டுத்தான் இந்த வேலைக்கு வந்ததாகச் சொன்னார். களஞ்சியம் சிதைந்த செய்தியைக் கேட்டதும் அவர் கண் கலங்கிவிட்டது.

"கவலைப்படாதீங்க ஐயா. கருவி கையோட இருக்கு. நான் மீட்டுக் குடுக்காம இங்கருந்து போக மாட்டேன்."

தினேஷ்பாபு அவர் பிடியிலிருந்து தன் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

மீட்க முடியாவிட்டால்தான் அவருக்கு நல்லது. சட்டத்தில் சேதச் சலுகை என்று ஒன்று உண்டு: களஞ்சியம் அடியோடு போய்விட்டால், பிள்ளையின் வாய்ச்சொல்லே போதும். நறுமுகை சொல்வாள். மனதாரச் சொல்வாள்.

மீட்டுவிட்டாலோ கதை வேறு. அசல் படத்தில் எவரும் கை வைக்க முடியாது. பரு நீக்குவது, வழுக்கை மறைப்பது போன்ற திருத்தங்கள் எல்லாம், படங்களின் பட்டியலான அடைவில் குறிப்புகளாக மட்டும் இருக்கும்; பார்க்கும்போது படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். மதிப்பீட்டுக் கருவி அடைவைத்தான் படிக்கும். ஊர்ப்பட்ட அசல்களைத் தோண்டிக்கொண்டிருக்க அரசுக்கு ஏது நேரம்? ஆனால் அறுந்த அடைவை மீட்கும்போது அந்தக் குறிப்புகள் ஒவ்வொன்றாகக் கண்ணில் படும்.

சட்டம் நிறைவேறிய வாரம், தினேஷ்பாபு பெருமிதத்தோடு சொந்தக் களஞ்சியத்தைத் திறந்து பார்த்தார். அதில் அவர் இல்லை.

அன்று தொடங்கியது அந்த வேலை. முதலில் பள்ளி ஆண்டுவிழாவில், காலியாகக் கிடந்த ஒரு நாற்காலியில் தன்னை உட்காரவைத்தார். அடுத்து ஒகேனக்கல் பரிசலில். காதுகுத்தில், மருத்துவமனையில், மழைநாள் மாடிப்படியில். வருடத்துக்கு ஏற்ற முடி, வருடத்துக்கு ஏற்ற தொப்பை, வேலை சுத்தம். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் நறுமுகை வளர்ந்தாள். 'சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டே நீங்க பின்னாடி ஓடி வந்தது நல்லா ஞாபகம் இருக்குப்பா' என்று ஒருநாள் சொன்னாள். அந்தப் படத்தை அவர் அதற்கு முந்தின வாரம்தான் செய்து முடித்திருந்தார்.

நேற்றுச் சாயங்காலம், குறை எதுவும் இருக்கக் கூடாதென்று, கடைசியாக ஒரு படத்தில் தன்னை ஏற்றிக்கொண்டிருந்தபோது மோனிஷா தட்டில் முறுக்கோடு உள்ளே வந்தார். பதறிப்போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டார் தினேஷ்பாபு. அடைவு பாதியில் அறுந்தது.

எபினேசர் கருவியைச் சுவரோடு பொருத்தினார். சிதைந்த அடைவைத் தைத்துப் பார்க்கும் முயற்சி பாதி வரை போய் நின்றது. மறுபடி ஓடவிட்டார், முன்னதைவிடச் சீக்கிரமே நின்றது. தினேஷ்பாபு நிமிர்ந்து நின்றார். கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, அழிவது பொருள்தானே தவிர உண்மை அல்ல என்று ஆரம்பித்தார். எபினேசர் தலை குனிந்து கேட்டார்.

"அப்போ சேதச் சலுகைன்னே எழுதிடறேன் ஐயா. மேடம், அப்பா உங்களோட இருந்தாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

நறுமுகை வாய் திறந்தாள். பிறகு வேண்டாமென்று தலையை ஆட்டினாள். "என் வார்த்தை எதுக்கு சார்? அந்த சைக்கிள் படம் போச்சுன்னா எனக்கு மனசே ஆறாது. வேற வழி எதுவுமே இல்லையா?"

"இல்லாம என்ன. அடைவைத் தூக்கிப் போட்டுட்டு அசல்லருந்து புதுசாக் கட்டலாம். என்ன ஒண்ணு, செஞ்ச திருத்தமெல்லாம் போயிரும்."

நறுமுகை சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுல ஏது சார் திருத்தம்? கல்யாணத்தப்ப என் மூக்குல இருந்த பருவை எடுக்கவே விடல இவரு. 'படத்துல கை வைக்கிறவன்…'"

"'…பெத்தவ முகத்துல கரி பூசுறவன்,'" என்று எபினேசர் பக்தியோடு முடித்தார். "அரூர்ல சொன்னீங்க ஐயா."

எபினேசர் கருவியை முடுக்கினார். காபி ஆறிவிடும் என்றார் தினேஷ்பாபு. வெயில் ஏறிவிட்டது, கருவி சூடாகும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளக் அலமாரி ஓரத்தில், முழங்கால் உயரத்தில் இருந்தது. வேட்டியைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தார். இன்னும் ஓர் அடி.

மோனிஷா நாற்காலி ஒன்றை இழுத்துவந்து, பிளக்கை மறைத்தாற்போல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நேத்து மாதிரி இன்னிக்கும் புடுங்கிடாதீங்க," என்றார், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "நான்தானங்க எல்லாத்தையும் எடுத்தேன். யாரு இருந்தா, யாரு இல்லன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நீ இத்தனை நாளா…"

"புள்ள சந்தோஷமாப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. அதான்."

கருவி மெல்ல ஒலி எழுப்பியது. சுவரில் அசல்கள் வரத் தொடங்கின.

பள்ளி ஆண்டுவிழா வந்தது. மோனிஷாவின் கைப்பை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஒகேனக்கல் பரிசல் வந்தது; பரிசல்காரரும் குழந்தையும். மருத்துவமனைக் கட்டில் வந்தது. பக்கத்தில் குளுக்கோஸ் கம்பி. எபினேசர் கருவியைத் தட்டினார், கம்பியை இறுக்கினார், பழுது ஏதோ மிச்சமிருக்கிறது என்று முணுமுணுத்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். படங்கள் நிற்கவில்லை.

சைக்கிள் வந்தது.

நறுமுகை எழுந்து சுவருக்கு அருகே போனாள். ஆறு வயதுக் குழந்தை ஒன்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்து வருகிறது. பின்னால் தெரு. தெருவில் ஒரு மின்கம்பமும் ஓர் ஆடும். அவள் அந்தத் தெருவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"சைக்கிளை யாரும்மா புடிச்சது?"

"யாரும் புடிக்கல. நீயாத்தான் ஓட்டுன. நான் எதிர்ல நின்னு எடுத்தேன்."

நறுமுகை அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. எபினேசர் மட்டும் கருவியின் மேல் குனிந்தபடி, தினேஷ்பாபுவின் முகத்தைக் கொடுத்துக் கணக்கில் வரும் படங்கள் முழுவதையும் சலித்துக்கொண்டிருந்தார். ஒரு படமாவது கிடைத்தால் அதை வைத்து மேல்முறையீடு செய்யலாம்.

"ஐயா," என்றார் திடீரென்று, உயிர் வந்தவர் போல. "ஒண்ணு இருக்குங்க ஐயா."

படத்தைச் சுவர் முழுக்க விரித்தார். நறுமுகையின் பிறந்தநாள். முன்னால் கேக், குழந்தைகள், பலூன். பின்னால் சுவரோரம், பிளாஸ்டிக் நாற்காலியில், தினேஷ்பாபு. அப்போதுதான் ஏதோ மாநாட்டிலிருந்து வந்திருக்க வேண்டும். சட்டையில் குத்தியிருந்த வில்லையில் 'பிள்ளைகளோடு இருங்கள்' என்று இருந்தது.

அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது.