ஈரம் காயாத முகம்

அந்த அரண்மனைக்குள் அவள் முதன்முதலாகக் கால் வைத்தபோது நல்ல வெயில். முற்றம் முழுக்க மணலும் சிமெண்ட் மூட்டைகளும் இரும்புக் குழாய்களும் இறைந்து கிடந்தன. ராஜா காலத்துப் படிக்கட்டின் கைப்பிடியில் யாரோ துண்டைக் காயப்போட்டிருந்தார்கள். பயப்படும்படி அங்கே எதுவுமே இல்லை. புதுக்கடை திறக்கப்போகிற இடம்போலத்தான் இருந்தது.

அரண்மனையை நவீன ஓவியக் கூடமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். தர்பார் மண்டபத்தின் கூரையிலிருந்து கண்ணாடிக் குழல்கள் தொங்கப்போகின்றன. குதிரை லாயத்தில் துருப்பிடித்த இரும்பில் ஒரு பெரிய காது செய்து வைத்தாகிவிட்டது. இதற்கெல்லாம் பொறுப்பு ஓவியர். வெளியூர்களில் பெயர் வாங்கியவர், நரைத்த குடுமிக்காரர். அந்தப்புரத்துச் சுவரோவியங்களைச் செப்பனிடுவது மட்டும் அவள் வேலை. பஞ்சும் சின்னக் கத்தியும் மூக்குக்கண்ணாடியுமாகச் சுவரோடு சுவராக ஒட்டி நிற்பவள் என்பதால் போகிற இடமெல்லாம் அவளுக்கு 'டாக்டரம்மா' என்றே பெயர் வந்துவிடும். இங்கேயும் வந்தது.

"டாக்டரம்மா, உங்களுக்கு உள் ரூமா?" என்றான் மின்வேலைக்காரன். "நானும் பல்பு மாட்டி மாட்டிப் பாத்துட்டேன். ஒண்ணும் நிக்கல. அந்தம்மாவுக்கு வெளிச்சம் ஆகாதுபோல."

"எந்தம்மா?"

"மூஞ்சி இல்லாத அம்மா. மூஞ்சியே இல்ல, அதுக்கு எதுக்கு லைட்டுன்னு விட்டுட்டேன்." சிரித்தான். ஆனால் அறை வாசலோடு நின்றுகொண்டான்.

ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். கைவிளக்கை உயர்த்தினாள். சுவர் நெடுக அரச குடும்பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நிறம் மங்கியிருந்தாலும் ஒவ்வொரு முகத்திலும் ஒவ்வொரு குணம் தெரிந்தது. ஒருத்திக்குக் கர்வம், ஒருத்திக்குத் தூக்கம், ஒருத்திக்கு அடக்கிய சிரிப்பு. கடைசியில் பச்சைப் பட்டு உடுத்தியவளுக்கு மட்டும் கழுத்துக்கு மேலே வெறும் சுண்ணாம்புச் சாந்து. மடியில் அவளுடைய வலது கை விரிந்து கிடந்தது, யாரோ எதையோ பிடுங்கிக்கொண்டு போனதுபோல.

அருகே போய்ப் பார்த்தாள். முகம் உதிர்ந்து போகவில்லை. சுரண்டப்பட்டிருந்தது. கீறல்களின் ஓரம் வழுவழுப்பாக மடிந்திருந்தது. காய்ந்த சாந்தைச் சுரண்டினால் ஓரம் பொடிந்து உதிரும், இப்படி மடியாது. ஓவியம் தீட்டிய அன்றே, ஈரம் காயும் முன்பே யாரோ சுரண்டியிருக்கிறார்கள்.

கத்தியால் அல்ல. விரல் நகங்களால்.

மூச்சை இழுத்தபோது ஈரச் சுண்ணாம்பின் நெடி வந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன்பே காய்ந்துவிட்ட சுவர் அது.

ஓவியர் பின்னாலேயே வந்தார். "என்ன டாக்டரம்மா, நோயாளி பொழைப்பாங்களா?"

"மத்தவங்க எல்லாரையும் தேத்திடலாம் சார். இவங்களுக்கு முகத்துல வெறும் சாம்பல் நிறம் பூசி விட்டுடுவேன். இல்லாத முகத்த நாங்களா கற்பனை பண்ணி வரையக்கூடாது. அதுதான் எங்க வேலைல மொத விதி."

"பூசவே வேணாம். அங்க நான் ஒரு கண்ணாடி பதிக்கப்போறேன். முகம் பாக்குற கண்ணாடி. வந்து நிக்கிறவங்க எல்லாருக்கும் அவங்கவங்க முகம் ராணியா தெரியும். எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். நன்றாக இருப்பதாகத் தோன்றவில்லை. வருகிற போகிறவர்களெல்லாம் உதட்டுச்சாயம் சரிபார்க்கவா ஒருத்தி இத்தனை காலம் முகமில்லாமல் உட்கார்ந்திருந்தாள்?

மதியம் அம்மா போனில் கூப்பிட்டாள். கூப்பிட்டதும் சாப்பிட்டாயா என்று கேட்பாள், பிறகு தங்கை சின்னவளைப் பற்றிப் பேசுவாள். சின்னவள் போய்ப் பல வருஷமாகிறது. ரத்தத்தில் வந்த நோய். ஆஸ்பத்திரியில் அக்காவின் சட்டை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே கிடந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் அம்மா, அவள், கூடத்துச் சுவரில் மாட்டிய ஒரு படம், அவ்வளவுதான்.

"காலைல அவகிட்ட சொன்னேன்டி, உன் அக்கா அரண்மனைல உக்காந்திருக்கா, மகாராணி கணக்கான்னு. சிரிக்கிறா."

"படம் எப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான்மா இருக்கு."

"உனக்கென்ன தெரியும். நான் சொன்னப்புறம் ஒரு சிரிப்பு சிரிப்பா. அது வேற. அந்த மொகத்தப் பாத்துத்தான்டி எனக்குப் பொழுது விடியுது."

போனை வைத்தாள். அம்மாவால் அந்தப் படத்தைப் பார்க்க முடிகிறது. அவளால் முடிவதில்லை. கூடத்தைக் கடக்கும்போது தரையைப் பார்த்துத்தான் கடப்பாள். பார்த்துவிட்டால் உள்ளே எதுவோ பெயர்ந்து விழுந்துவிடும் என்று பயம். அடுத்தவர் வீட்டுச் சுவர்களையெல்லாம் ஒட்டவைக்கத் தெரிந்தவளுக்குத் தன் உள்சுவரைத் தொடத் துணிவில்லை.

வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். இயந்திரங்கள் ஓய்ந்திருந்தன. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சர்ர்... சர்ர்...

நகம் சாந்தில் இழுபடும் சத்தம்.

விளக்கைத் திருப்பினாள். எலி இல்லை, பல்லி இல்லை. பச்சைப் பட்டுக்காரி மட்டும் இருந்தாள். அந்த வெற்றிடம் அவளையே நோக்கியிருந்தது. கண் இல்லாத ஒன்று எப்படிப் பார்க்கும்? ஆனால் பார்த்தது. பசித்த குழந்தை அடுத்தவர் தட்டைப் பார்ப்பதுபோல, ஆசையோடு, கூச்சத்தோடு.

அவளுக்குப் பயத்தைவிட இரக்கம்தான் முதலில் வந்தது.

"கண்ணாடிதான வைக்கப்போறாங்க உனக்கு" என்று மெல்லச் சொன்னாள். "பாவம்."

எப்போது தூரிகையை எடுத்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. மற்ற முகங்களுக்காகக் கரைத்து வைத்திருந்த நிறங்கள் பக்கத்தில் இருந்தன. ஒரு புருவம் போட்டாள். அதன் கீழே மச்சம் வந்தது. மோவாயில், கட்டிலிலிருந்து விழுந்தபோது பட்ட தழும்பு வந்தது. ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறிய முன்பற்கள், அவற்றை மறைக்கப் பார்க்கிற உதடு. இத்தனை வருஷம் பார்க்கவே பயந்த முகம் ஒரு கோடுகூடத் தவறாமல் விரல் வழியே வந்துகொண்டிருந்தது. அவள் அழுதாள். நல்ல அழுகை. ஆஸ்பத்திரியில் அழ மறந்தது.

பலகை இடுக்குகளில் வெளிச்சம் சிவந்தபோது சின்னவள் ராணிகளோடு உட்கார்ந்திருந்தாள்.

விதியை மீறியாகிவிட்டது. பரவாயில்லை, நீர்வண்ணம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஈரப் பஞ்சால் ஒற்றினால் போய்விடும். செப்பனிடும் வேலையில் புதிதாகப் பூசுவது எதுவும் எப்போது வேண்டுமானாலும் துடைத்தெடுக்கக் கூடியதாகவே இருக்கும்.

மறுநாள் காலையில் ஓவியர் வந்து சுவரருகே குனிந்து பார்த்தார்.

"கண்ணாடி வேணாம்" என்றார். "யாரும்மா இது?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது.

"ஏண்டி, சின்னவ படத்துல பூஞ்சை ஏதாச்சும் புடிச்சிருக்குமா? மொகம் ஒரு மாதிரி வெளுத்துத் தெரியுது. தொடைச்சுப் பாத்தேன், போகல. என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?"

அவள் தன் போனில் சின்னவளின் படங்களைத் தேடினாள். பள்ளிச் சீருடையில் ஒன்று. கடற்கரையில் ஒன்று. அம்மா மடியில் படுத்தபடி ஒன்று. எல்லாவற்றிலும் கழுத்து இருந்தது, கூந்தல் இருந்தது.

முகம் இருந்த இடத்தில் சாம்பல் நிறம்.

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். மச்சம் என்ற சொல் வந்தது, மச்சம் வரவில்லை. தழும்பு என்ற சொல் வந்தது. மோவாய் வரவில்லை.

தலைவலி என்று சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பினாள். பஞ்சை நனைத்து மோவாயின் ஓரத்தில் ஒற்றினாள். எடுத்துப் பார்த்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அழுத்தித் தேய்த்தாள். நிறம் அசையவில்லை. இப்போதுதான் பூசிய சாந்துபோலச் சுவர் குளிர்ந்து, மெத்தென்று, ஈரமாக இருந்தது. நிறம் முழுவதையும் அது உள்ளே குடித்துவிட்டிருந்தது.

அந்த ஈரத்தில் நகம் இறங்கும். இறக்கினால் பெயர்ந்து வரும்.

முகத்தின் ஓரத்தில் பழைய கீறல்களின் மிச்சம் இருந்தது. தன் விரல்களை அவற்றின்மேல் வைத்தாள். பொருந்தின. அப்போதுதான் புரிந்தது. அன்று இங்கே நின்று வரைந்தவரும் தன்னுடைய யாரையோதான் இந்த உடம்பின்மேல் வைத்திருக்க வேண்டும். வைத்துவிட்டு, இழந்தது என்னவென்று தெரிந்ததும், ஈரம் காய்வதற்குள் நகத்தால் பிடுங்கி மீட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

அவளும் மீட்கலாம். வழி அது ஒன்றுதான்.

நகங்களைச் சின்னவளின் கன்னத்தில் வைத்தாள்.

சின்னவள் அவளைப் பார்த்தாள். ஊசி போட ஆள் வரும்போதெல்லாம் அக்காவைப் பார்ப்பாளே, அதே பார்வை. வலிக்குமா என்று கேட்கிற பார்வை.

"அக்கா..."

காதில் விழுந்ததா, நெஞ்சுக்குள் கேட்டதா, தெரியவில்லை. கை இறங்க மறுத்தது. ஆஸ்பத்திரியில் போதுமென்ற அளவு குத்தி, கீறி, ரத்தம் எடுத்து அனுப்பிய பிள்ளை அது. இன்னொரு முறை, அதுவும் தன் நகத்தாலா? நெற்றியைச் சுவரில் சாய்த்து நின்றாள். நெற்றியில் ஈரம் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஈரம் குறைந்தது. குளிர் விலகியது. நிமிர்ந்தபோது சுவர் கல்லாக இறுகியிருந்தது.

அன்று மாலையே வீட்டுக்குக் கிளம்பினாள். அம்மாவிடம் என்ன சொல்வது? உன் பொழுது விடிவதை நான் ஒரு சுவருக்குக் கொடுத்துவிட்டேன் என்றா? கையைப் பிடித்து அழைத்துவந்து அந்த அறையில் நிறுத்திவிடலாம். தினமும் வந்து பார்க்கட்டும். அது ஒன்றுதான் ஆறுதலாக இருந்தது.

கதவைத் திறந்த அம்மாவின் முகத்தில் அத்தனை பூரிப்பு.

"சரியாப்போச்சுடி! பூஞ்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல. மத்தியானமா பாக்குறேன், பளிச்சுனு இருக்கா. வந்து பாரு."

பல வருஷத்துக்குப் பிறகு அவள் கூடத்தில் தலையை நிமிர்த்தினாள்.

பள்ளிச் சீருடையும் இரட்டைப் பின்னலும் சின்னவளுடையவை. முகம் யாரோ ஒருத்தியுடையது. நீண்ட கண்கள், கூர்மையான மோவாய், மச்சமில்லாத புருவம். யாராவது பார்க்க மாட்டார்களா என்று அந்த அரண்மனைச் சுவரில் காலம் காலமாகக் காத்திருந்து, கடைசியில் வீடு வந்து சேர்ந்துவிட்ட நிம்மதியோடு அந்த முகம் சிரித்தது.

"அம்மா" என்றாள். "இது யாரும்மா?"

"என்னடி கேள்வி இது? பெத்தவ எனக்குத் தெரியாதா?" அம்மா படத்தின் கன்னத்தை வருடினாள். "உன் தங்கச்சிய உனக்கே அடையாளம் தெரியலையா? அரண்மனைக்குப் போனதும் வீட்டு ஆளுங்க மறந்துபோச்சாக்கும்."

அவள் சட்டென்று போனை எடுத்து, கிளம்பும் முன் சுவரில் வரைந்ததைப் பிடித்த படத்தைக் காட்டினாள். பச்சைப் பட்டில், மோவாயில் தழும்போடு சின்னவள்.

அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "லட்சணமாத்தான் இருக்கா. யாரு பெத்த பிள்ளையோ, ஏன் இப்படி அழுற மாதிரி இருக்கா?" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஓவியக் கூடம் திறந்து பல மாதங்களாகின்றன. கூட்டம் வருகிறது. ஒவ்வொரு வாரமும் அவள் போய் அந்த அறையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், மூடுகிற மணி அடிக்கும்வரை. சின்னவளை இனி பார்க்க முடிகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அவளை அடையாளம் தெரிந்த கண்களும் இந்த இரண்டுதான். எழுந்து கிளம்பும்போது சட்டை நுனி எதிலோ மாட்டி லேசாக இழுபடும். திரும்பிப் பார்க்காமல் விடுவித்துக்கொள்வாள்.

வீட்டில் அம்மா சந்தோஷமாக இருக்கிறாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. படத்துக்குக் கீழே தரையில் தினமும் வெள்ளையாக ஏதோ உதிர்ந்து கிடக்கிறது.

"பெருக்கப் பெருக்க வருதுடி. செவுரு பொரியுதோ என்னமோ, நீதான் பாத்துச் சொல்லேன்."

அவள் குனிந்து விரலால் தொட்டாள். ஈரச் சுண்ணாம்பு.

காதைப் படத்தருகே கொண்டுபோனாள்.

சர்ர்... சர்ர்...

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, அந்த அந்நிய முகத்தை உள்ளிருந்து சுரண்டுவதுபோல, மிக மெதுவாக, நோய்ப் படுக்கையில் கிடந்த ஒரு பிஞ்சு விரலின் பலத்தில்.