இன்னும் ஒரு தடவை

பாட்டு தொடங்குவதற்கு முன்னால் யாரோ மூச்சு இழுக்கும் சத்தம். அதை அடுத்து இபன்ரி மூச்சு இழுக்கும் சத்தம். அப்புறம்தான் முதல் வரி.

பதிவு செய்ததைத் திரும்பப் போட்டுக் கேட்டபோது அதை முதலில் கவனித்தவன் வான்ஷன். "என்ன கோங், ஒரு வரிக்கு ரெண்டு மூச்சு வாங்குற? வயசாயிடுச்சா?" என்றான். அவர்கள் இனத்து வழக்கப்படி, கடைசி மகளாகப் பிறந்ததால் அம்மாவுக்குப் பிறகு இந்த வீடு இபன்ரிக்கு வந்திருந்தது. அன்றிலிருந்து அவளைப் பெரிய மனுஷியாக்கி 'கோங்', அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக் கேலி செய்வது அவன் வழக்கம். உண்மையில் அவர்கள் பாட்டுக் குழுவிலேயே வயதில் மூத்தவன் அவன்தான்.

இபன்ரி சிரித்துவிட்டாள். பழைய மைக், தலைக்கு மேலே தகரக்கூரை, ஷில்லாங்கின் ஆடி மாதத்து மழை. என்னென்னவோ சத்தம் விழத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்ததிலிருந்து, மழை குறையும் நேரம் பார்த்துப் பார்த்துத்தான் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பின்பக்கத்துப் படுக்கையறையில் கொடி கட்டி, வீட்டிலிருந்த ரஜாய்களை, கனத்த பஞ்சுப் போர்வைகளையெல்லாம் தொங்கவிட்டு, சன்னலை மெத்தையால் அடைத்திருந்தார்கள். உள்ளே மைக்கும் அவளும் மட்டும். வயர் கதவடியில் நுழைந்து கூடத்துக்குப் போனது. அங்கே லேப்டாப் முன்னால் கிர்மெனும் அவன் பக்கத்தில் வான்ஷனும். கதவின் மேல்பாதி கண்ணாடி என்பதால் அவர்கள் முகம் அவளுக்குத் தெரியும்.

அவள் பாடகி இல்லை. பாடகி டாரிஷா. நான்கு பேராக இருந்த அவர்கள் குழுவின் குரலே அவள்தான். போன வருடம் இதே மழைக்காலத்தில் உம்யம் நீர்த்தேக்கத்தில் படகு கவிழ்ந்து போய்விட்டாள். கிர்மெனுக்கும் அவளுக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தது. அதற்குப் பிறகு அவன் கிட்டாரைத் தொடவில்லை. யாரோடும் முகம் கொடுத்துப் பேசவுமில்லை. போன வாரம் திடீரென்று வந்து நின்றான். டாரிஷா மெட்டுப் போட்டு, எல்லாருமாக வார்த்தை எழுதி, பாதியில் நின்றுபோன அந்தப் பாட்டை முடித்துவிட வேண்டும் என்றான். நீ பாடு என்று இபன்ரியிடம் கேட்டான். அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

*மழை நின்றதும் வருகிறேன் என்றாய்,
மழை நிற்கவே இல்லை.*

இப்படித்தான் பாட்டு தொடங்கும். இரண்டு சரணம் வரை எழுதியிருந்தார்கள். மூன்றாவதைப் பற்றி மத்தியானம் பன்றிக்கறிச் சோறு சாப்பிடும்போது பேசிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது இடத்தில் கிட்டார் மட்டும் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள்.

மறுபடி பாடினாள். இந்த முறை ரஜாய்களிலிருந்து ஒரு வாடை வந்தது. பெட்டிக்குள் கிடந்த துணியின் வாடை என்று முதலில் நினைத்தாள், பாட்டு போகப் போக அது கரையோரத்துச் சேறும் பாசியும் நாளாகி ஊறிய மரக்கட்டையும் சேர்ந்த வாடையாகக் கனத்து, நாக்கின் அடியில் இரும்பைத் தொட்டதுபோல் தங்கியது. ஹெட்ஃபோனில் முன்பே பதிந்து வைத்திருந்த கிட்டாரும் அவள் குரலும். பாடும்போது வேறெதுவும் கேட்கவில்லை.

கூடத்துக்கு வந்து மூவருமாகக் கேட்டார்கள். அந்த மூச்சு இப்போது மைக்கை ஒட்டி இருந்தது. நீண்ட மூச்சு. வெகுநேரம் அடக்கி வைத்திருந்தவர்கள் இழுக்கும் மூச்சு. பல்லவியில் இபன்ரியின் குரலுக்கு அடியில் இன்னொரு குரல் மெல்ல ஏறி அதன்மேல் படர்ந்தது. வரியின் கடைசியில் அந்தக் குரல் லேசாக மேலே வளைந்தது. அப்படி வளைத்துப் பாடுகிறவள் ஒருத்திதான்.

கிர்மென் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டான். அவன் முகம் ஒரு வருடத்துக்குப் பிறகு மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்த இபன்ரிக்கு, பயத்தைவிட முதலில் வந்தது அழுகைதான்.

வான்ஷன்தான் சோதித்துப் பார்க்கலாம் என்றான். இபன்ரி உள்ளே போய், வாயைத் திறக்காமல் நிற்க, பாட்டு முழுவதும் ஓடியது. பதிவானதில் குரல் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் மூச்சு இழுக்கும் சத்தம் இருந்தது. இழுத்து, எதுவும் பாடாமல், நின்று, மறுபடி இழுத்து. யாருக்காகவோ காத்திருப்பது போல.

வான்ஷன் எழுந்து சட்டைமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டான்.

"அழிச்சிடு கிர்மென். எல்லாத்தையும் அழிச்சிடு. இபன்ரி, நீயும் கெளம்பு, எங்க வீட்டுக்குப் போலாம்."

அவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவளை உலுக்கியது. செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்தாள். கிர்மென் அவள் கையைப் பிடித்தான். சில்லென்ற கை.

"ஒரே ஒரு தடவை. அவ முழுசாப் பாடிக் கேட்டுடறேன், அது போதும் எனக்கு. அப்புறம் அழிச்சிடலாம். எனக்காக."

வான்ஷன் வாசலில் நின்று பார்த்தான். இபன்ரி பிறகு வருகிறேன் என்றாள். அவள் குரல் கரகரத்து, பாதி காற்றாக வந்தது. முழுதாக இரண்டே தடவைதானே பாடினோம் என்று நினைத்துக்கொண்டாள். கதவு சாத்திக்கொண்டது. சரிவான பாதையில் அவன் வேகவேகமாக இறங்கிப் போவது கேட்டது, பிறகு மழை அதை மூடிவிட்டது.

ரஜாய்களை விலக்கி உள்ளே போனபோது அவை கனமாக இருந்தன. தொட்டதும் விரல் ஈரமானது. கூரை ஒழுகவில்லை. கண்ணாடிக்கு அப்பால் கிர்மென் கையைக் காட்டினான். கிட்டார் தொடங்கியது.

இந்த முறை ஹெட்ஃபோனிலேயே கேட்டது. பாடும்போதே. இடது காதில், அவளுக்கு ஒரு நொடி முன்னால், அந்த மூச்சு. அவள் மூச்சு இழுத்தாள். நெஞ்சுக்குள் பாதிதான் வந்தது. மீதி எங்கேயோ போனது. முதல் வரி பாடினாள். காதில் கேட்டது அவள் குரல் இல்லை. நிறைந்த, இளமையான, மேலே வளைகிற குரல்.

ஹெட்ஃபோனை ஒரு பக்கம் விலக்கினாள். அறையில் பாட்டே இல்லை. அவள் வாய் அசைந்தது, உதடு வார்த்தைகளைச் செய்தது, தொண்டை அதிர்ந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. தகரத்தில் மழை. திரும்பக் காதில் வைத்தாள். டாரிஷா பாடிக்கொண்டிருந்தாள்.

நிறுத்திவிடலாம் என்று வாயை மூடினாள்.

மூடவில்லை.

இரண்டாவது சரணம் போனது. கால் நகரவில்லை. மார்பு அவளைக் கேட்காமல் விரிந்தது, சுருங்கியது. உள்ளே போனது காற்று இல்லை. குளிர். தொண்டை வழியே, நெஞ்சின் அடிவரை, குளிர். கிட்டார் மட்டும் ஓட வேண்டிய இடம் வந்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தாள்.

அவள் உதடுகள் அவள் அறியாத வார்த்தைகளைச் செய்தன.

*தண்ணீருக்குள் மழை இல்லை,
இங்கே எதுவும் கேட்பதில்லை,
கொஞ்சம் மூச்சுக் கொடு,
கொஞ்சம் மூச்சுக் கொடு.*

கண்ணாடியைப் பார்த்தாள். கிர்மென் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தான். சிரித்தபடி அழுதான். இங்கே பார். இங்கே பார் கிர்மென். கையை நீட்டிக் கண்ணாடியில் அடித்தாள். ஒரு அடி. இன்னொன்று. விரல்கள் வழுக்கின.

அவன் கண்ணைத் திறந்தான்.

பார்த்தான். அவள் வாயின் இரு ஓரத்திலிருந்தும் பழுப்புத் தண்ணீர் வழிந்து, முகவாயில் சேர்ந்து, மைக்கின் மேல் சொட்டுவதைப் பார்த்தான். அவள் கழுத்து நரம்பு புடைத்திருப்பதையும் உதடு நீலமாகியிருப்பதையும் பார்த்தான். பாதி எழுந்தான். கை கதவுப் பிடி வரை வந்தது.

பாட்டு முடிந்தது. கடைசி ஸ்வரம் மேலே வளைந்து, தேய்ந்து, நின்றது. ஹெட்ஃபோனில் நிசப்தம். அவள் உடல் காற்றுக்குத் தவித்தது. வரவில்லை. கண்ணுக்குள் கறுப்புப் புள்ளிகள்.

கிர்மென் பிடியைத் திருகவில்லை. கண்ணாடி வழியே அவளையே பார்த்தபடி நின்றான். அவள் கண்களை அல்ல, வாயை. பிறகு மெல்லப் பின்னால் போய் உட்கார்ந்தான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தலையைக் குனிந்தபடி ஒரு விரலை உயர்த்திக் காட்டினான்.

இன்னும் ஒரு தடவை.

கிட்டார் தொடங்கியது. அவள் மார்பு மெதுவாக, நீளமாக, உயர்ந்தது. அவள் உயர்த்தவில்லை.