வரேன் வீட்டார்

என் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது ஒருநாளும் "போயிட்டு வரேன்" என்று சொன்னதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு ஊமை மாதிரி இறங்கிவிடுவார். கேட்டால், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் வளர்த்தார்களாம். இதற்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இத்தனைக்கும் அவர்கள் குடும்பப் பெயரே 'வரேன்'. வரேன் வீட்டார் என்றால்தான் உறவில் எல்லோருக்கும் தெரியும்.

மகள் படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தப் பெயர் என்னை உறுத்தியது. சோறு இறங்கவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தால் ஒரே ஒரு வார்த்தை, அதுவும் கரகரத்த ஆண்குரலில்.

"எப்போ?"

என் நாத்தனாரும் சிறுமியாக இருந்தபோது இப்படிக் கேட்டுக் கேட்டே செத்துப்போனாளாம். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். பெற்ற வயிறு சும்மா இருக்குமா? கணவர் குடும்பத்தின் பழைய வீட்டில் தனியாக இருக்கும் பெரிய மாமனாரிடம் ஓடினேன்.

பட்டப்பகலிலும் அந்த வீட்டுச் சமையலறை இருட்டாக இருந்தது. ஈரமண் வாடை வேறு. பெரிய மாமனார் முதலில் மழுப்பினார். காலைப் பிடித்துக்கொண்டு அழுதபின்தான் வாய் திறந்தார். அவருடைய முப்பாட்டனும் தம்பியும் இங்கே கிணறு வெட்டினார்களாம். மண் சரிந்து தம்பி கழுத்துவரை புதைந்துபோனான். "கயிறு எடுத்துட்டு வரேன்" என்று மேலே ஏறிய அண்ணன், சொத்து முழுக்கத் தனக்கே என்று நினைத்துத் திரும்பிப் போகவே இல்லை. எப்போ வருவே என்று கேட்ட குரல் அடங்கும்வரை தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. தெரு வைத்த பெயர்தான் வரேன்.

"இந்த வீட்டுக்குள்ள யாரும் அந்த வார்த்தையச் சொல்லக் கூடாதும்மா," என்று கிசுகிசுத்தார். "சொன்னவங்களுக்காக அவன் காத்திருக்க ஆரம்பிச்சுடுவான்."

போன விடுமுறையில் இதே வாசலில் "தாத்தா, போயிட்டு வரேன்" என்று மகள் சமர்த்தாகச் சொன்னாள். சொல்லப் பழக்கியவள் நான்.

சமையலறைத் தரையில் கிணற்றை மூடியிருந்த கல்லை இருவருமாக நெம்பித் தள்ளினோம். கொடிக்கயிற்றை அறுத்து உள்ளே இறக்கினேன்.

"கயிறு வந்துடுச்சு. ஏறிக்குங்க. என் பொண்ண விட்டுடுங்க."

கயிறு விறைத்தது.

கை எரிய எரிய இழுத்தேன். சட்டென்று பாரம் விட்டுப்போனது. மேலே வந்த நுனியில் சேறும், நான் போடாத ஒரு முடிச்சும் இருந்தன.

அப்போது போன் அடித்தது. கணவர் விம்மி விம்மி அழுதார். மகள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டாளாம். போனை அவளிடம் கொடுத்தார்.

"அம்மா, எங்கம்மா இருக்கே?"

என் பிள்ளையின் குரல்! உயிரே திரும்பி வந்தது எனக்கு.

"இதோ வரேன்டா கண்ணு," என்றேன்.

பெரிய மாமனார் தலையில் அடித்துக்கொண்டார்.

போனில் அந்தக் கரகரத்த குரல் கேட்டது.

"எப்போ?"