முதலில் செத்தது பேட்டரி!

போன் அலறியது.

"நெவில்! நான் ரோவன்... ஹெலிகாப்டர்ல மாடு விரட்டிக்கிட்டிருக்கேன். கீழ மணல்ல ஒருத்தன் குப்புறக் கிடக்கான்!"

"தூங்குறானாப்பா?"

"இந்த வெயில்லயா? செத்துட்டான்யா!"

சார்ஜென்ட் நெவில் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். சிம்சன் பாலைவனத்தின் அந்த விளிம்புக்கு அவர் ஒருவர்தான் போலீஸ்.

ரோவன் சொன்னது சரி. உதடு வெடித்து, நாக்கு தடித்து... தாகத்தில் செத்தவன். அவன் கிடந்த தடத்திலேயே இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு ஜீப் தெரிந்தது.

அதன் நிழலில் ஒரு பெண்!

உயிரோடு!

நெவில் தண்ணீர் கொடுத்தார். மடக்மடக்கென்று குடித்தாள்.

"நான் மெரின்... என் புருஷன் லாக்லன்... வழியில பார்த்தீங்களா சார்?"

நெவில் தொப்பியைக் கழற்றினார்.

அவள் போட்ட அலறலில் காக்கட்டூக் கிளிக் கூட்டம் ஒன்று பறந்து போனது.

அழுது ஓயும்வரை காத்திருந்தார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"முந்தாநாள் காலைல ஜீப் ஸ்டார்ட் ஆகல. ராத்திரி பூரா ஓடின ஃப்ரிட்ஜ் பேட்டரியைக் குடிச்சிருச்சுன்னார். தண்ணி டேங்கும் ஒழுகிக் காலி. ‘நீ இங்கயே இரு, உதவிக்கு ஆள் கூட்டிட்டு வர்றேன்’னு போனவர்தான்..."

நெவில் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார். ஃப்ரிட்ஜ் மூடியைத் தூக்கினார்.

ஜில்!

பால் காலி. வெண்ணெய் கல்லாக இருந்தது. பாதி தர்பூசணி.

"பேட்டரி செத்திருந்தா இது எப்படிம்மா ஓடுது?"

"தெ... தெரியலையே சார்!"

பானெட்டைத் திறந்தார். உள்ளே இரண்டு பேட்டரிகள்.

"ஒண்ணு இன்ஜினுக்கு. இன்னொண்ணு ஃப்ரிட்ஜுக்கு. இன்ஜினை நிறுத்தினா இந்தக் கருப்புப் பெட்டி ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சிரும். கூரை மேல சோலார் பலகை வேற! ஃப்ரிட்ஜ் மாசக்கணக்குல ஓடினாலும் இன்ஜின் பேட்டரியைத் தொடாது."

குனிந்து பார்த்தார். இன்ஜின் பேட்டரியின் ஒயர் கழன்று கிடந்தது!

மாட்டி முறுக்கினார். சாவியைத் திருப்பினார்.

ஜீப் உறுமியது!

மெரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெவில் டேங்க்கின் அடியில் தவழ்ந்துவிட்டு எழுந்தார். அவர் முகம் மாறியிருந்தது.

"டேங்க் ஒழுகலை. குழாயைத் திறந்து விட்டிருக்காங்க. இங்க இருந்தது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் செத்துட்டார்..."

அவர் கை இடுப்பில் விலங்கைத் தேடியது.

"நானா? அய்யோ சார்! எனக்கு பானெட்டைத் திறக்கவே தெரியாது! இதையெல்லாம் மாட்டினதே அவர்தான்... அவர் எலக்ட்ரீஷியன்!"

நெவிலின் கை அப்படியே நின்றது.

எலக்ட்ரீஷியன்! ஒயர் கழன்றது அவன் கண்ணில் படாமலா போகும்?

இன்னொன்றும் உறுத்தியது. பிணத்தின் தலை ஜீப்பைப் பார்த்துக் கிடந்தது. உதவி தேடிப் போனவன்... எதற்காகத் திரும்பி வந்தான்?

ரேடியோ கரகரத்தது.

"நெவில்! அவன் காலடித் தடத்து மேலயே பறந்து வந்தேன். மணல்மேட்டுக்குப் பின்னால, தார்ப்பாயைப் போட்டு மூடின ஒரு மஞ்சள் பிக்கப் நிக்குது! பக்கத்துலயே இறங்கிட்டேன். கதவுல கிளி படம்..."

மெரின் வெளிறினாள்.

"அது... என் தங்கச்சி ஷெல்பி வண்டி!"

நெவில் ரேடியோவை வாயருகே கொண்டுபோனார்.

"ரோவன், ஸ்டார்ட் பண்ணிப் பாரு."

"சாவி அதுலயே இருக்கு. கூடவே ‘முடிச்சுட்டு சீக்கிரம் வா, காத்திருக்கேன் - ஷெல்பி’ன்னு ஒரு சீட்டு... ம்ஹூம்! பேட்டரி சுத்தமா காலி. பின்னால ஒரு பழைய ஃப்ரிட்ஜ்... அடப்பாவி! இருக்கிற ஒரே பேட்டரில நேராச் சொருகி வெச்சிருக்கான்யா!"

நெவிலுக்குப் புரிந்தது.

மனைவியைத் தாகத்தில் சாகவிட்டு, மைத்துனியோடு வாழத் திட்டம். அந்த பிக்கப்பை முன்பே கொண்டுவந்து ஒளித்துவைத்தவன், தப்பிக்கும்போது தொண்டையை நனைக்க ஃப்ரிட்ஜையும் ஓடவிட்டுப் போயிருக்கிறான். மனைவியிடம் சொன்ன பொய், அங்கே நிஜமாகவே நடந்துவிட்டது! கையில் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல், ஒயரை மாட்டி ஜீப்பையாவது கிளப்பலாம் என்று அவளிடமே திரும்பி நடந்திருக்கிறான்...

மெரின் ஃப்ரிட்ஜையே வெறித்தாள்.

"அந்தப் பாதிப் பழம்... அவர் வந்தா தாகமா இருப்பாரேன்னு எடுத்து வெச்சேன் சார்."

நெவில் விலங்கை உள்ளே வைத்தார். அது ஷெல்பிக்குத் தேவைப்படும்.

ரேடியோவில் ரோவன் மறுபடி வந்தான்.

"நெவில், இந்த ஃப்ரிட்ஜ்ல தண்ணியே இல்ல, பூரா பியர்! பாதியைக் குடிச்சிருக்கான், அதுவே தாகத்தைக் கூட்டியிருக்கும். மிச்சத்துல உனக்கு ரெண்டு எடுத்துட்டு வரவா?"

"ஜில்லுனு இருக்கா?"

"வெந்நீர் மாதிரி கொதிக்குதுய்யா!"

"அப்ப தொடாதே... அது தடயம்!"