இஞ்சேருங்கோ

பூக்கள் வெயிலைப் பார்க்கவில்லை. நோர்வேயின் குரோருட் ஊருக்குப் பின்னாலிருந்த காட்டுச் சரிவில், பனி கரைந்த ஈரமண் முழுக்க வெள்ளை வெள்ளையாய் விரிந்து கிடந்தன. வெயில் இடப்பக்கம் இருக்க, அத்தனை முகமும் வலப்பக்கத்து இருண்ட மரக்கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

குகநேசன் அதைக் கவனிக்கவில்லை, தோடம்பழத்தின் செம்மஞ்சள் தோலை உரித்துக்கொண்டிருந்தான். அவனைக் கலியாணம் முடித்து, மார்கழி இருட்டில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய தக்ஷாயினிக்கு இது முதல் வசந்தம். அவனைத் தவிர இந்த ஊரில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. மொழியும் தெரியாது.

“வடிவா இருக்கோ?”

“ஓம்.”

“இன்னும் என்ர பேர் உம்மட வாயில வரேல்லை. இது நோர்வேயப்பா, இஞ்சை எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறவை. ஒருக்காச் சொல்லுமன்.”

“போங்கோ, எனக்கு வெக்கம்.”

“நான் துலைஞ்சு போனா என்னெண்டு கூப்பிடுவீர்?”

“இஞ்சேருங்கோ எண்டுதான்.”

சிரித்தபடி பாதிப் பழத்தை அவள் கையில் வைத்துவிட்டு, படம் எடுக்கச் சரிவில் இறங்கினான்.

மேகம் வெயிலை மூடியது. இவ்வளவு நேரமும் எங்கோ விடாமல் கத்திக்கொண்டிருந்த குருவிகள் ஓய்ந்தன, கீழே ஓடிய தண்ணீரின் சலசலப்பும் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது, ஈரமண்ணின் மணம் மட்டும் மூச்சை அடைக்கிற மாதிரி எழும்பி வந்தது. பூக்கள் எல்லாம் குவிந்துவிட்டன. நடுவே நின்ற குகநேசனின் நீலச் சட்டையைக் காணவில்லை.

“இஞ்சேருங்கோ!”

சரிவில் ஓடினாள். சப்பாத்து வழுக்கியது, முழங்கால் கல்லில் அடிபட்டது. அவன் இல்லாமல் எந்தப் பாதையால் போவாள், யாரிடம் என்ன சொல்லி அழுவாள்?

“இஞ்சேருங்கோ! ஐயோ, இஞ்சேருங்கோ!”

“ஓம்.”

இருண்ட மரங்களுக்குள்ளிருந்து வந்தான். அதே நீலச் சட்டை. அதே நடை. அவள் விம்மி விம்மி அழுதாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வாரும், போவம்.”

கை குளிர்ந்திருந்தது. கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் தன் விரல்களில் தோடம்பழ மணம் இன்னும் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் கையை மெல்ல முகத்தருகே தூக்கினாள்.

மண். மண் மணம் மட்டும்.

பாதை வந்த வழியாக இல்லை. மரங்கள் நெருங்கின. வெளிச்சம் குறைந்தது. குவிந்திருந்த பூக்கள், அவன் கடக்கக் கடக்க, ஒவ்வொன்றாய் விரிந்தன. அவன் பக்கமாக.

அவள் நின்றாள். ஒரு நாளும் சொல்லாததைத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“குகநேசன்!”

பக்கத்தில் நின்றவன் திரும்பவில்லை. யாரோ ஒருவருடைய பெயர் போல.

பின்னால், வெகு தூரத்தில், வெயில் இருந்த பக்கத்திலிருந்து மெலிதாய் ஒரு குரல்.

“தக்ஷா! எங்கை நிக்கிறீர்? நான் இஞ்சை நிக்கிறன்!”

அவள் கையை இழுத்தாள். வரவில்லை. குளிர்ந்த விரல்கள் இறுகின.

“இஞ்சேருங்கோ எண்டு நீர்தானே கூப்பிட்டனீர்,” என்றது அது, அவன் குரலில், அவ்வளவு அன்பாக. “அதுதான் வந்தனான்.”

மர இருட்டில் பூக்கள் அத்தனையும் விரிந்து நின்றன. இப்போது அவள் பக்கமாக.